808 ஒலித்தாலே இ.டி.எம். ஆகிவிடுமா?

[கறுப்புத் திரை. ஒரே ஒரு டிரம் அடி: தொம்ம்ம்ம்…]

இந்தச் சத்தம் உங்களுக்குப் பழக்கமானதுதான். கார் கண்ணாடியை அதிரவைத்து நெஞ்சுக்குள் இறங்கும் 'தொம்ம்'. ரோலண்டு நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 டிரம் மெஷினின் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, இது. தோலும் இல்லை, குச்சியும் இல்லை, மின்சுற்று மட்டும்தான். இதிலுள்ள ஒரு குமிழைத் திருகினால் அடி சட்டென்று அடங்காமல் பேஸ் கிட்டார் போல நீண்டு முனகும். ஹிப்ஹாப்காரர்கள் மயங்கியது அந்த முனகலில்தான்.

அப்படியானால் 'ஹிப்ஹாப்பும் இ.டி.எம்.தானே?' என்ற கேள்வி நியாயமானதே. மெஷினில் செய்த இசை, கேட்டால் கால் ஆடுகிறது. இது எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக், அதாவது இ.டி.எம்., இல்லாமல் வேறென்ன?

[படம்: இரண்டு டர்ன்டேபிள், நடுவே ஒரு மிக்சர்]

ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் ஒரு பார்ட்டி நடத்துகிறார். பள்ளி திறக்கும்முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும். பாட்டுப் போடுவது அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க்.

ஆடுகிறவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஹெர்க் கவனித்தார். பாடகர் ஓய்ந்து, டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள். அதற்குப் பெயர் பிரேக். வந்த வேகத்தில் அது முடிந்துவிடும். எனவே அவர் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதிகள் வைத்துக்கொண்டார். இதில் பிரேக் முடிந்ததும் அதில் தொடங்கும். அது ஓடும்போது இதைப் பின்னால் சுற்றிவிடுவார். சில விநாடிகள் சில நிமிடங்களாக நீண்டன.

ஆக, ஹிப்ஹாப் பிறந்ததே ஆட்டத்துக்காக. ஆனால் அன்று ஒலித்தது மெஷின் இல்லை. ஃபங்க் டிரம்மர்கள் கையால் அடித்தது. ஹிப்ஹாப்பில் தாளத்தின்மேல் எதுகையோடு பேசுவதுதான் ராப். 1979இல் அதை வானொலிக்குக் கொண்டுபோன முதல் பெரிய ஹிட்டின் பின்னணியைக்கூட ஸ்டுடியோவில் ஆட்கள் உட்கார்ந்துதான் வாசித்தார்கள். ஆட்டம் முதலில் வந்தது, மின்சாரம் பிறகுதான் வந்தது.

[ஒலி: சிந்தசைசர், அதன் கீழே 808]

அது வந்த ஆண்டு 1982. பிராங்ஸ் டிஜே ஆப்பிரிக்கா பம்பாட்டாவும் அவருடைய சோல்சோனிக் ஃபோர்ஸ் குழுவும் வெளியிட்ட 'பிளானட் ராக்'. மெட்டு, ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரத்துக் குழுவான கிராஃப்ட்வெர்க்கிடமிருந்து வந்தது. தாளம் 808. மேலே ராப். அடுத்த ஆண்டே டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸின் சைபோட்ரான் குழு 'கிளியர்' வெளியிடுகிறது. டெக்னோ என்ற இ.டி.எம். வகையின் வேர் அங்கே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று உடனே தெரிந்துவிடும். 1983இல் என்னிடம் கேட்டிருந்தால் 'ஆமாம், இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம் வழி பிரிந்தது. காரணம் கருவி இல்லை. 1988இல் வந்த எம்பிசி60 போன்ற சாம்ப்ளர்கள், அதாவது ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் மெஷின்கள், ஹிப்ஹாப்பை இன்னும் மின்மயமாக்கின. மாறியது வேகம். 'பிளானட் ராக்' நிமிடத்துக்கு ஏறக்குறைய 127 அடி. பிறகு வந்த ஹிப்ஹாப் பெரும்பாலும் 90ஐ ஒட்டி இறங்கியது. ஏன்? சொல்லுக்கு இடம் வேண்டும். ஒரு வரிக்குள் நான்கு எதுகை வைக்கிறவருக்குத் தாளம் மூச்சுவிட நேரம் தரவேண்டுமே.

[ஒலி: தொம் தொம் தொம் தொம்]

இது ஹவுஸ், இ.டி.எம்.மின் ஒரு வகை. ஒவ்வொரு அடியிலும் கிக், நிமிடத்துக்கு 120 முதல் 130.

[ஒலி: தொம்… தக்… தொதொம்… தக்]

இது ஹிப்ஹாப். இடைவெளிகளைக் கவனித்தீர்களா? குரல் உட்காரும் இருக்கைகள் அவை.

கட்டமைப்பும் அப்படித்தான். கிளப்புக்காகச் செய்த ஹவுஸ் டிராக்கின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் நீளமாக ஓடும். தனியாகக் கேட்டால் சலிப்பாக இருக்கலாம். ஆனால் முந்தைய டிராக்கின் வாலோடு இதன் தலையை டிஜே ஒட்டவேண்டும். அதற்கான தையல் இடம் அது. ஒரு இரவின் துண்டாக இருக்கவே அது செய்யப்படுகிறது. ராப் பாட்டு அப்படி இல்லை. சில விநாடிகளில் ஒருவர் பேசத் தொடங்கிவிடுவார், பேசி முடித்ததும் பாட்டும் முடியும்.

அதனால்தான் என் பதில் 'இல்லை'. இ.டி.எம்.மில் குரல் இருக்கலாம், ஆனால் அதை எடுத்துவிட்டாலும் ஆட்டம் நிற்காது. ராப் பாட்டில் ராப்பரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'பீட்'. பீட் என்று தனியாக விற்கிறார்கள், வாங்குகிறவர் அதன்மேல் பேசுவதற்காக.

சரி, நடுவில் நிற்பவை? இருக்கின்றன. ஹவுஸ் தாளத்தின் மேல் ராப் வைத்த ஹிப்-ஹவுஸ், மயாமி பேஸ் என்ற வேகமான ராப் வகை. இரண்டு வீட்டுக்கும் சாவி வைத்திருப்பவை இவை. ஒன்றில் அடைக்க முயன்றால் வீண் சண்டைதான்.

எனக்குப் பிடித்த சாட்சி டிராப் (trap). அட்லாண்டா ராப்பர்களின் இசை அது: நீண்டு முனகும் 808, சடசடவென்று விழும் ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தாளத் தட்டு). 2012 வாக்கில் இ.டி.எம். தயாரிப்பாளர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு வந்த பாயரின் 'ஹார்லெம் ஷேக்'கில் 808 இருக்கிறது, ஹை-ஹாட் இருக்கிறது. ராப்பரை மட்டும் காணோம். அவர் வாய் திறக்கவேண்டிய இடத்தில் இசை ஒரு நொடி நிற்கிறது, பிறகு பேஸ் வந்து விழுகிறது.

[ஒலி: தொம்ம்ம்ம்…]