அந்த நிலாப் படத்தைக் கிழிச்சுப் போடுங்க, ஒரு குச்சி எடுங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு கொஞ்சம் கடுப்புல இருக்கேன், முன்னாடியே சொல்லிடுறேன். அந்தப் படம் மறுபடியும் சுத்த ஆரம்பிச்சிருச்சு. நடுவுல பூமி, அதைச் சுத்தி எட்டு நிலா, ஓரத்துல மஞ்சளா ஒரு சூரியன். கீழ கொட்டை எழுத்துல "பூமியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகிறது".

உண்டாகாது! பூமியோட நிழல் எப்பவும் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் விழும். மூணாம்பிறை எங்க தெரியுது? சூரியன் இப்பதான் மறைஞ்ச அதே மேற்குல. அந்த நேரத்துக்கு நிழல் கிழக்குல ஏறிக்கிட்டு இருக்கு. பிறை ஒரு பக்கம், நிழல் மறு பக்கம். அப்புறம் எப்படி விழும்? நிலாவுல பாதி எப்பவும் வெயில்ல இருக்கு. அந்தப் பாதியை நாம எந்தக் கோணத்துல பார்க்கிறோம்ங்கிறதுதான் பிறை. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா இதைவிட அந்தப் படம் பண்ற பெரிய கெடுதல் ஒண்ணு இருக்கு. நிலாவை பூமிக்குப் பக்கத்துல ஒட்டி வரைஞ்சிடுறாங்க. அதைப் பார்த்துட்டு எல்லாரும் கேக்குற கேள்வி: "அப்போ ஏன் மாசாமாசம் கிரகணம் வரல?" நியாயமான கேள்விதான். படம்தான் தப்பு. எதையும் சரியான அளவுல செய்யணும்ங்கிற என் பைத்தியம் உங்களுக்குத் தெரியும்ல? அதனால இன்னைக்கு அளவு மாறாம ஒண்ணு செய்றோம். போன தடவை பல்பை சூரியனாவும் நம்ம தலையை பூமியாவும் வச்சு செஞ்சோமே, அது பிறைக்குச் சரி. கிரகணத்துக்கு ஆகாது, நம்ம தலையோட நிழலே பெருசா வந்து எல்லாத்தையும் மூடிடும்.

வேணுங்கிறது இவ்வளவுதான். நேரான குச்சி ஒண்ணு, 135 செ.மீ. நீளம். டேபிள் டென்னிஸ் பந்து ஒண்ணு, அது 40 மி.மீ. குறுக்களவு, அதுதான் பூமி. பூமி நிஜத்துல 12,742 கி.மீ., நிலா 3,474. அப்போ நம்ம நிலா 10.9 மி.மீ. வரணும். தூரம் சராசரியா 3,84,400 கி.மீ., அதாவது முப்பது பூமியை வரிசையா அடுக்குற தூரம். நம்ம குச்சியில 121 செ.மீ. இந்த இடத்துல வீடியோவை நிறுத்திட்டு கையில அந்தப் பந்தை வச்சு யோசிச்சுப் பாருங்க. ஒரு கோலிகுண்டைவிடச் சின்ன நிலா, நாலடி தள்ளி! படத்துல இருக்கிற மாதிரி பக்கத்துல இல்ல.

சூரியனுக்கு எதுவும் வாங்க வேண்டாம். இந்த அளவுக்கு அது 4.4 மீட்டர் அகலத்துல, 470 மீட்டர் தள்ளி இருக்கணும். அதுக்குப் பதிலா நிஜ சூரியனையே வச்சுக்கலாம். முக்கியம் சூரியன் எவ்வளவு அகலமாத் தெரியுதுங்கிற கோணம்தான், அரை டிகிரி. அது நிஜ சூரியனுக்கும் இந்த 4.4 மீட்டர் சூரியனுக்கும் ஒண்ணுதான்.

இப்போ நிலா. இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன், மன்னிச்சுக்கங்க. நிலாவுக்குக் கடையில கிடைக்கிற பாசிமணி பொதுவா 10 மி.மீ., 12 மி.மீ.ன்னுதான் வரும். "ஒரு மில்லிமீட்டர்தானே"ன்னு விட்றாதீங்க! வெயில்ல ஒரு உருண்டையோட கருநிழல், அதாவது சூரியன் முழுசா மறையுற இருட்டு நிழல், கூம்பு மாதிரி குறுகிக்கிட்டே போய் ஒரு புள்ளியில முடியும். அந்த நீளம் உருண்டை அளவைப் போல சுமார் 107 மடங்கு. 12 மி.மீ. மணின்னா நிழல் 128 செ.மீ. போகும். எந்தத் தூரத்துல வச்சாலும் பந்தைத் தொட்டுடும், சூரியன் ஓரம் வளையமாத் தெரியுற கங்கண கிரகணமே வராது. 10 மி.மீ.ன்னா 107 செ.மீ.லயே நின்னுடும், முழுக் கிரகணமே வராது. 11-க்கு 117, 118 செ.மீ. வரும். அதுதான் நம்ம நிஜ நிலா! பூமியைத் தொட்டும் தொடாம முடியுற நிழல். அதனாலதான் சில தடவை முழுக் கிரகணம், சில தடவை நெருப்பு வளையம்.

அதனால மணியை விடுங்க, உருட்டுங்க. களிமண்ல உருட்டாதீங்க, காயும்போது சுருங்கி பத்துக்கு வந்துடும். எபாக்சி புட்டி, அதான் ரெண்டு பொருளைக் கலந்து பிசைஞ்சா கெட்டியாகுமே, அது சுருங்காது. ரெண்டு ஸ்கேலை இணையா, நடுவுல சரியா 11 மி.மீ. இடைவெளி விட்டு மேஜையில ஒட்டிடுங்க. உருண்டை அந்த இடைவெளியில எந்தப் பக்கம் திருப்பினாலும் உரசிக்கிட்டே உருளணும். ஒரு பக்கம் மட்டும் சிக்கினா அது முட்டை வடிவம், மறுபடி உருட்டுங்க. எனக்கு இது சரியா வந்தப்போ கிடைச்ச சந்தோஷம் இருக்கே... சரி விடுங்க.

ஆங், புட்டி கெட்டியாகுறதுக்கு முன்னாடியே குண்டூசி மாதிரி மெல்லிசான நீளக் கம்பியைச் செருகிடுங்க. இதைச் சொல்லாம தாண்டிட்டேன். ஆணி வேண்டாம், அதோட நிழல் தடியா விழுந்து குழப்பும்.

பந்துக்கும் ஒரு வேலை இருக்கு. அது மெல்லிசான பிளாஸ்டிக், வெயில் உள்ள புகுந்து இருட்டுப் பக்கமும் மினுங்கும். முதல்ல ஒரு கோட் கறுப்பு, அது காஞ்சதும் பளபளப்பு இல்லாத வெள்ளை. பளபள பெயின்ட் அடிச்சா வெயில் கண்ணைக் கூசும், நிழல் தெரியாது.

பந்து, நிலா ரெண்டோட நடுப்புள்ளியும் குச்சிக்கு மேல 6 செ.மீ. உயரத்துல இருக்கட்டும். தாழ்வா வச்சா குச்சியோட நிழலே பந்து மேல விழும். நிலாவுக்கு மூணு ஓட்டை, பந்தோட நடுப்புள்ளியிலிருந்து 114, 121, 127 செ.மீ. நிலா கிட்ட வரும்போது சராசரி 3,63,000 கி.மீ., தள்ளிப் போகும்போது 4,05,000. அதுதான் இந்த 114-ம் 127-ம்.

இப்போ வெயிலுக்கு வாங்க. உச்சி வெயில் வேண்டாம். காலையில ஒன்பது மணி, இல்ல சாயந்திரம் நாலு மணி வாக்குல சூரியன் சரிவா இருக்கும்போது. குச்சி வழியா சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடி கூட. சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. நிலா இருக்கிற முனை தோளுக்கு மேல, பந்து முன்னாடி கீழ. தரையில குச்சியோட நிழலைப் பாருங்க. குச்சியைத் திருப்பத் திருப்ப நிழல் குறுகும். ரொம்பக் குட்டையானதும் பந்தைப் பாருங்க.

முதல் தடவை ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது தடவையும் தெரியாது. கை ஒரு டிகிரி ஆடினா நிழல் 2 செ.மீ. தள்ளிடும், பந்தோட பாதி அளவு! ஸ்டூல் மேல சாய்ச்சு வைங்க. கிடைச்சதும் பார்த்தீங்கன்னா, பந்து மேல 22 மி.மீ. அகலத்துல மங்கலான ஒரு வட்டம். அது புறநிழல், அங்க பாதிக் கிரகணம். நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி, 114 ஓட்டையில வச்சா மட்டும் தெரியும். முழுக் கிரகணம் பார்க்க ஆளுங்க ஏன் கண்டம் தாண்டிப் போறாங்கன்னு அந்தப் புள்ளி சொல்லும். 127-ல வச்சா அது சாம்பலாத்தான் இருக்கும்.

குச்சியை அசைக்காம அப்படியே விட்டுட்டுப் பாருங்க. நிழல் நிமிஷத்துக்கு சுமார் 5 மி.மீ. நகர்ந்து, கொஞ்ச நேரத்துல பந்தை விட்டே போயிடும். யாரும் தொடல. பூமி சுத்துறது அது.

இப்போதான் முக்கியமான இடம். நிலாவோட பாதை பூமி பாதைக்கு 5.1 டிகிரி சாய்வு. நம்ம குச்சியில அது 11 செ.மீ. ஒரு மெல்லிசு கம்பியில நிலாவைக் குத்தி 6 செ.மீ.க்குப் பதிலா 17 செ.மீ. உயரத்துல வச்சுப் பாருங்க. நிழல் பந்துக்கு எங்கேயோ மேல போகும். அமாவாசை அன்னைக்கு நிலா பெரும்பாலும் இப்படித்தான் மேலயோ கீழயோ தாண்டிப் போகுது. நிழல் பந்து ஓரத்தைத் தொடணும்னாலே நிலா நேர்க்கோட்டுல இருந்து 31 மி.மீ.க்குள்ள வரணும், ஆனா அதோட அதிகபட்ச விலகல் 108 மி.மீ.

குச்சியைத் திருப்பிப் பிடிங்க, பந்து சூரியன் பக்கம். இப்போ பௌர்ணமி. பந்தோட கருநிழல் நிலாகிட்ட வரும்போது 29 மி.மீ.க்குக் குறுகிடும். 11 மி.மீ. நிலா அதுக்குள்ள தாராளமா மூழ்கும். அதனாலதான் முழுச் சந்திர கிரகணம் ஒரு மணி நேரத்துக்கு மேலகூட நீடிக்கும், முழுச் சூரிய கிரகணம் சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

நிலா பாதையும் பூமி பாதையும் வெட்டிக்கிற ரெண்டு இடத்துக்குத்தான் ராகு, கேதுன்னு பேரு. கணுன்னும் சொல்வாங்க. சூரியன் அதுல ஒண்ணை நெருங்குற காலம் சுமார் 173 நாளைக்கு ஒரு தடவை வரும், ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல நீடிக்கும். அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள்தான். அதனால ஒவ்வொரு காலத்துலயும் ஒரு சூரிய கிரகணம் கட்டாயம் மாட்டும், பக்கத்துலயே சந்திர கிரகணமும் ஒட்டிக்கிட்டு வரும். 2026-ஐயே எடுத்துக்கங்க: பிப்ரவரி 17 சூரியன், மார்ச் 3 சந்திரன். ஆகஸ்ட் 12 சூரியன், 28 சந்திரன். ஜோடி ஜோடியா. ஆனா கருநிழல்ல நிலா மாட்டுறதுக்கான இடைவெளி இன்னும் குறுகல், அது தப்பிக்கவும் தப்பிக்கும். 2020-ல நாலு சந்திர கிரகணம் வந்துச்சு, நாலுமே புறநிழல்தான்.

இன்னொண்ணு விட்டுட்டேன், ஆரம்பத்துல சொன்ன பிறை. பகல்ல நிலா தெரியுற நாள், வளர்பிறை அஷ்டமி வாக்குல சாயந்திரமோ தேய்பிறைல காலையிலயோ, அந்தப் பந்தை மட்டும் கழட்டி நிலாவுக்குப் பக்கத்துல தெரியுற மாதிரி கையை நீட்டிப் பிடிங்க. பந்து மேல வெயில் விழுற வடிவமும் நிலாவோட வடிவமும் அச்சு அசல் ஒண்ணா இருக்கும். நிழல்ல நிக்காதீங்க, பந்து மேல வெயில் படணும்.