அவை விதி தெரிந்த க்ரீ வழக்கறிஞர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உரிமையை மீட்கக் கைகொடுப்பது சட்ட அறிவா, மக்கள் திரளா என்பது இன்றைய கேள்வி. நான் சட்ட அறிவின் பக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் கனடாவின் ஓகா போராட்டத்தைச் சொன்னார். 1990-இல் மோஹாக் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்காக 78 நாள் உறுதியாக நின்றார்கள், அங்கே வரவிருந்த கோல்ஃப் மைதானத் திட்டம் கைவிடப்பட்டது. உண்மைதான். ஆனால் அதற்குச் சில வாரம் முன்பு அதே நாட்டில் நடந்ததை அவர் சொல்லவில்லையே!

ஓவிட் மெர்க்ரெடி என்று ஒரு வழக்கறிஞர், க்ரீ என்ற பூர்வகுடி இனத்தவர். 1946-இல் மானிடோபா மாகாணத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸில் பிறந்தவர். ஆறு சீறிப் பாய்ந்ததால் அந்த ஊருக்கு அந்தப் பெயர். 1960-களில் அங்கே நீர்மின் அணை வந்தது, பாய்ச்சல் அடங்கியது. செமாவாவின் என்ற க்ரீ ஊரையே வேறிடத்துக்குப் பெயர்த்தார்கள். அந்த மண்ணின் பிள்ளை பிறகு சட்டம் படித்தார்.

சரி, 1990-க்கு வருவோம். கியூபெக் மாகாணத்தைத் தனித்துவச் சமூகமாக ஏற்று அரசியலமைப்பைத் திருத்தும் மீச் லேக் ஒப்பந்தத்தைப் பிரதமரும் பத்து மாகாண முதல்வர்களும் 1987-இல் பேசி முடித்திருந்தார்கள். பூர்வகுடித் தலைவர் ஒருவருக்குக்கூட அங்கே நாற்காலி இல்லை. எல்லா மாகாணங்களும் ஏற்க 1990 ஜூன் 23 கெடு. மானிடோபா சட்டமன்றத்தில் நேரம் நெருக்கியது. ஒப்பந்தத்தை ஏற்கும் தீர்மானத்தை முன்னறிவிப்பு இல்லாமல் எடுக்க அத்தனை உறுப்பினரும் சம்மதிக்க வேண்டும் என்பது அவை விதி. எலைஜா ஹார்ப்பர் என்ற பூர்வகுடி உறுப்பினர் கையில் கழுகு இறகோடு 'இல்லை' என்றார். மறுநாளும் 'இல்லை'. அதற்கடுத்த நாட்களிலும் அதுதான். அவருக்குப் பக்கபலமாக நின்ற ஆலோசகர்களில் மெர்க்ரெடி முக்கியமானவர். கெடு தாண்டியது, ஒப்பந்தம் செத்தது.

அடுத்த ஆண்டே மெர்க்ரெடி கனடா பூர்வகுடிகளின் தேசிய அமைப்பான முதற்குடிகள் பேரவையின் தேசியத் தலைவர் ஆனார். 1987-இல் கிடைக்காத நாற்காலி 1992-இல் கிடைத்தது! அரசியலமைப்பைத் திருத்த அடுத்து வந்த சார்லட்டவுன் ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளின் இயல்பான தன்னாட்சி உரிமை எழுத்தில் ஏறியது. அக்டோபர் 26 பொதுவாக்கெடுப்பில் அது தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் 1995-இல் மத்திய அரசே அந்த உரிமையைத் தன் கொள்கையாக ஏற்க வேண்டி வந்தது.

ஹார்ப்பர் மறுத்த நாட்களில் மன்றத்துக்கு வெளியே மக்கள் திரண்டு மேளம் முழக்கினார்கள். அந்தத் திரளை நான் வணங்குகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: உள்ளே அந்த அவை விதியைப் படித்தவர் ஒருவரும் இல்லையென்றால், தீர்மானத்தை எத்தனை நாள் தடுத்து நிறுத்தியிருக்க முடியும்?