சித்தி கேட்ட நாய்ச் சத்தம்

வணக்கம் மக்களே. பரங்கிமலை உச்சியில் நின்று பேசுகிறேன், காற்று ஜாஸ்தி, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெரிகிறதே, அதுதான் மீனம்பாக்கம் ரன்வே, பெரியது, 3,658 மீட்டர். இந்த நீளம் ஏன் முக்கியம் என்று அப்புறம் சொல்கிறேன்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்கள் சித்தி, வீட்டுக்குள் நுழைந்ததுமே, "டேய், ஃப்ளைட்டுக்கு அடியில நாயைக் கட்டிப் போட்டிருக்காங்கடா, கிளம்புறதுக்கு முன்னாடி வள்ளு வள்ளுன்னு குரைச்சுது" என்றார். சிரிக்காதீர்கள், ஏர்பஸ் 320-இல் போன பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. அது பிடியூ, அதாவது 'பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட்' என்கிற கருவியின் சத்தம்.

ஜேசிபியின் கை எப்படி மண்ணை அள்ளுகிறது? எண்ணெய் அழுத்தத்தில்தானே. விமானத்தின் சக்கரம், பிரேக், இறக்கையில் அசைகிற தகடுகள் எல்லாம் அதே கதைதான். இதற்குப் பெயர்தான் ஹைட்ராலிக். அழுத்தம் மட்டும் 3,000 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு), கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல கிட்டத்தட்ட நூறு மடங்கு. ஏர்பஸ் 320-இல் இப்படி மூன்று தனித்தனி அமைப்புகள்: பச்சை, நீலம், மஞ்சள். ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் கலக்காது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐயைத் தாண்டினால், நம்ம நாய், அதாவது அந்தப் பிடியூ, எழுந்து, எண்ணெயைக் கொடுக்காமல் பலத்தை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

சரி, இப்போது நடுவானில் எங்கோ கசிந்து பச்சை எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். காக்பிட்டில் 'டிங்' என்று ஒரு மணி, திரையில் மஞ்சளாக ஒரு வரி. நாம் நினைப்பதுபோல யாரும் பாய்ந்து எந்த சுவிட்சையும் அழுத்த மாட்டார்கள். ஒருவர் விமானத்தை மட்டும் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் திரையில் வருவதை வரிவரியாகச் சத்தமாகப் படித்து, கை வைக்கும் முன் 'இதுதானே?' என்று கேட்டுவிட்டுத்தான் செய்வார். அதில் முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? அந்த நாயைக் கட்டிப்போடுவது! இல்லாத எண்ணெயைத் தள்ளித் தள்ளி அது சூடேறி, நன்றாக இருக்கிற மஞ்சளையும் கெடுத்துவிடும். உதவிக்கு வந்தவனையே முதலில் நிறுத்தச் சொல்கிற அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் கணக்கு. பச்சை போனால் சக்கரத்தை வழக்கம்போல இறக்க முடியாது. கைப்பிடியை மூன்று சுற்று சுற்றினால், பூட்டு விலகி, சக்கரம் தன் எடையிலேயே விழும். ஆனால் திரும்ப மேலே ஏறாது. சக்கரம் தொங்கினால் எரிபொருளும் அதிகம் குடிக்கும், அதனால் எந்த ஊரில் இறங்குவது என்று முடிவுசெய்யாமல் அதில் கைவைக்க மாட்டார்கள். பிரேக் மஞ்சளுக்கு மாறும், தானியங்கி பிரேக் கிடையாது, இறங்கியதும் இன்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கிற ரிவர்ஸும் ஒரு இன்ஜினில் வேலை செய்யாது. ஆக, நிற்க அதிக தூரம் வேண்டும். ரன்வே நீளத்தை ஏன் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? அதுவும் நம்ம ஊர் நவம்பர் மழையில், நனைந்த ரன்வேயில்.

2024 அக்டோபர் 11 ஞாபகம் இருக்கா? திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய போயிங் 737, ஹைட்ராலிக் கோளாறு என்று இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சுற்றியது. டிவியில் பார்த்த நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. நேராக வந்து இறங்க வேண்டியதுதானே என்று எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் கேட்டார்கள். அவ்வளவு எரிபொருளின் எடையோடு இறங்கினால் நிறுத்துவது கஷ்டம். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிட வழியில்லை, எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். நீங்கள் பதறிய அந்த நேரம் முழுக்க உள்ளே செக்லிஸ்டும் கணக்கும்தான் ஓடியிருக்கும். இரவு எட்டேகாலுக்குப் பத்திரமாகத் தரை தொட்டது.

மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் சேர்ந்து போனால்? 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் டிசி-10 ரக விமானம் ஒன்றுக்கு அது நடந்தது. இன்ஜின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்தே ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள், 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதற்குத் தனி வீடியோ போட வேண்டும், இதில் அடங்காது.

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அது குரைக்காம இருந்தாத்தான் நான் பயப்படணுமா?" என்றார். இல்லை சித்தி, அதுவும் இல்லை... இருங்க, பின்னால் ஒன்று இறங்குது, கேமராவைத் திருப்புகிறேன்.