பேய் இல்லை, எலும்பு!

நேயர்களுக்கு வணக்கம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எலும்புக்கூடு படத்தைக் காட்டினால் பாதிப் பேர் "ஐயோ, பேய்!" என்று கத்துவார்கள். மின்கம்பத்து அபாயப் பலகையிலும் அவர்கள் பார்ப்பது மண்டையோடுதானே. செத்தவர்களுக்கு மட்டும்தான் எலும்பு இருக்கும் என்று நம்புகிற பிள்ளைகளும் உண்டு. அதனால் எலும்புப் பாடத்தைப் படத்திலிருந்து தொடங்கக் கூடாது, அவர்கள் உடம்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

தாடையில் விரல் வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து விலா எலும்புகளைத் தடவச் சொல்லுங்கள். வகுப்பே கூச்சத்தில் சிரிக்கும், பரவாயில்லை. அப்புறம் கைகளைக் காட்டுங்கள். பெரியவர்கள் உடம்பில் 206 எலும்புகள். ஒரு கையில், மணிக்கட்டையும் சேர்த்து, 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் சேர்த்தால் 106, அதாவது மொத்தத்தில் பாதிக்கு மேல்! சொன்னால் நம்ப மாட்டார்கள், கூட்டிப் பார்க்கட்டும். பிறந்த குழந்தைக்கோ ஏறக்குறைய 300. வளர வளரச் சில எலும்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராத இடம்தான் உச்சிக்குழி; வீட்டில் தம்பிப் பாப்பாவுக்கு அதைப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை போகக் கழுவி, வினிகரில் மூழ்கும்படி போட்டு வையுங்கள். நடுவில் வினிகரை மாற்றுங்கள். சில நாளில் எடுத்தால் அது வளையும். கால்சியம் உப்புகள் வினிகரில் கரைந்துபோய், கொலாஜன் என்ற புரதம் மட்டும் மிஞ்சியிருக்கும். எலும்புக்கு இரண்டுமே வேண்டும். அடிபட்டால் சிறு பிள்ளைகளின் எலும்பு, பச்சைக் குச்சி மாதிரி, முழுசாக உடையாமல் ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் வளைந்து நிற்பதும் உண்டு. இந்தச் சோதனையைக் காட்டினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அப்போ புளிக்குழம்பு சாப்பிட்டா என் எலும்பு வளையுமா?" வளையாது. சாப்பிட்ட புளிப்பு அப்படியே எலும்புக்குப் போய்விடாமல் உடம்பு பார்த்துக்கொள்ளும்.

கையில் மாவுக்கட்டோடு வருகிற பிள்ளை இருந்தால் அன்றைக்கு அவன்தான் வாத்தியார். உடைந்த நாற்காலிக்கால் தானாகச் சேருமா? எலும்பு சேர்கிறது, ஏனென்றால் அது உயிருள்ளது. அதற்குள் ரத்தம் ஓடுகிறது. அதன் உள்ளே இருக்கும் மென்மையான மஜ்ஜையில்தான் புது ரத்த அணுக்களே உருவாகின்றன.

சாப்பாட்டு விஷயத்தில் பாலை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். பால் பிடிக்காத பிள்ளைக்குக் கேழ்வரகுக் களியோ அடையோ கொடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே நல்லவை.

அந்தக் கால்சியத்தைக் குடல் சரியாக உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். விடிகாலை இளவெயிலில் அது அதிகம் கிடைக்காது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. உச்சிவெயிலில் பிள்ளையை வாட்டச் சொல்லவில்லை. முற்பகலில் கொஞ்ச நேரம் ஓடி விளையாடட்டும் என்கிறேன். குதிப்பதும் ஓடுவதும் எலும்பை உறுதியாக்கும். ஆகவே, விளையாட்டு பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கணும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. ராத்திரியில் இரண்டு காலும் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் காலையில் ஓடியாடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பயமில்லை. ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, நொண்டினாலோ, வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். விழுந்து அடிபட்டிருந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது, எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான், அது சேதமானால் எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ வளரக்கூடும். எக்ஸ்ரே எடுப்பதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். வணக்கம்.