ம் கொட்ட ஒரு ஆள்

(கதை எழுதப் பழகும் இளைஞர்களுக்காக ஒரு கிளை நூலகத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நோட்டும் பேனாவுமாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கொஞ்ச நேரத்துக்கு அதை மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேலை இருக்கிறது.

எங்கள் ஆச்சி கதை சொல்ல ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ஒரு ஊர்ல ஒரு ராசா.’ ம். ‘அந்த ராசாவுக்கு ஏழு பொண்டாட்டி.’ ம். சத்தம் வரவில்லை என்றால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ‘என்னலே, தூங்கிட்டியா?’ என்பாள். முற்றத்தில் பாயைப் போட்டு ஐந்தாறு பிள்ளைகள் படுத்திருப்போம். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து சின்ன இரும்பு உரலில் வெற்றிலை பாக்கு இடித்துக்கொண்டே கதை சொல்லுவாள். டக், டக், டக். கதையோடு சேர்ந்து அந்தச் சத்தமும் போகும். ராட்சசன் வாசலுக்கு வந்துவிட்டான், உள்ளே ராசகுமாரி தனியாக இருக்கிறாள் என்ற இடத்தில் இடிப்பது நின்றுவிடும். ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டாள். உலக்கை கையில் அப்படியே நிற்கும். எங்கள் ‘ம்’ அப்போதுதான் தொண்டையை விட்டு வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும்.

வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்கள். புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். அவர் போடும் ‘ஆமா’வுக்கு இடம் விட்டுத்தான் புலவர் வரியையே அமைக்கிறார். நம் ஊரில் கதை என்பது வெகுகாலமாக இரண்டு பேர் சேர்ந்து செய்கிற காரியமாகத்தான் இருந்திருக்கிறது.

எழுத உட்காரும்போது அந்த இரண்டாவது ஆள் எதிரில் இல்லை. கதை எழுதுவதில் உள்ள எல்லாச் சிரமமும் அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ம் கொட்ட ஆள் இல்லாததால் பயம் வந்துவிடுகிறது. புரிந்ததோ இல்லையோ என்று சந்தேகம். அதனால் வாசகருடைய ‘ம்’மையும் நாமே கொட்டிவிடுகிறோம். ‘அவள் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்தாள்’ என்று எழுதுகிறோமே, அது யாருடைய வேலை? படிக்கிறவர் செய்ய வேண்டிய வேலை. நாம் பிடுங்கிக்கொண்டோம்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆச்சி இறந்த இரண்டாவது வருஷம் அவளைப் பற்றி ஒரு கதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். பதினான்கு பக்கம். சாவு, ஒப்பாரி, நான் அழுதது, ஊர் அழுதது எல்லாம் இருந்தது. கதை திரும்பி வந்தது. ஆனால் பதினோராம் பக்கத்தில் ஓரமாக யாரோ பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்றால், காரியம் முடிந்த பிறகு அத்தை அந்த வெற்றிலை உரலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, டீக்கு இஞ்சி தட்ட எடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் டீயில் லேசாக வெற்றிலை வாசம் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம். அவ்வளவுதான். நாலு வரி. நான் அதைக் கதையின் நடுவே போகிற போக்கில் எழுதியிருந்தேன். பதினான்கு பக்கத்தில் அந்த நாலு வரிதான் கதை என்பது அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

ஏன் அது மட்டும் நின்றது என்று பல நாள் யோசித்தேன். உரல் தன் வேலையை மாற்றிக்கொண்டது. வெற்றிலை இடித்தது, இப்போது இஞ்சி தட்டுகிறது. பொருள் அதேதான். நடுவில் ஒரு ஆள் போய்விட்டாள். அந்தக் குறையை நான் சொல்லவில்லை, டீ குடித்தவர்களும் சொல்லவில்லை. படிக்கிறவர் தானாக ‘ம்’ கொட்டிக்கொள்ள அங்கே இடம் இருந்தது.

இதைத் தெரிந்து செய்தவர்களிடம் போய்ப் பார்ப்போம். கி. ராஜநாராயணன், நம் கி.ரா., கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் 1923இல் பிறந்தவர், விவசாயி. ‘கதவு’ என்று ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் இன்று இரவே தேடிப் படியுங்கள். நான் இப்போது சொல்லப்போவதால் அந்தக் கதை ஒன்றும் குறைந்துவிடாது.

ஏழைக் குடும்பம். வீட்டுக் கதவில் பிள்ளைகள் ஏறி ஆடுகிறார்கள். கதவுதான் பஸ். ஆளுக்கு ஒரு ஊருக்கு டிக்கெட். கதை அந்த ஆட்டத்தில்தான் தொடங்குகிறது. அப்பா வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார், பணம் வரவில்லை. தீர்வை, அதாவது நிலவரி, பாக்கி. ஊர்ச் சேவகரான தலையாரி வந்து கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறார். இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன எழுதுவோம்? தாய் கதறுவாள், பிள்ளைகள் காலைப் பிடித்துக்கொண்டு அழும். கி.ரா. என்ன செய்கிறார் தெரியுமா? பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. ஒரு பையன் மேளக்காரன் மாதிரி வாயாலேயே பீப்பீ ஊதிக்கொண்டு கதவுக்குப் பின்னாலேயே ஊர்வலம் போகிறான். படிக்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பையனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் வருகிற வலி அது.

அதற்குப் பிறகு வெகுநேரம் கதவு கதையிலேயே இல்லை. இல்லாமல் இருந்துகொண்டு அது செய்கிற வேலைதான் பெரிது. வாடைக் காற்று உள்ளே வருகிறது. கைக்குழந்தைக்கு உடம்புக்கு வந்து இறந்துபோகிறது. பிற்பாடு ஒருநாள் பையன் ஊர்ச் சாவடிக்குப் பின்னால் அந்தக் கதவைப் பார்த்துவிடுகிறான். கறையான் பிடித்துக் கிடக்கிறது. அக்காளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கதை முடிந்தது.

எண்ணிப் பாருங்கள். முதலில் அது பஸ். அப்புறம் சர்க்காரின் ஜப்தி சாமான். அப்புறம் காற்று வருகிற ஓட்டை. கடைசியில் கட்டிப் பிடித்து அழ ஒரு உடம்பு. மரப்பலகை ஒன்றுதான், வேலை நாலு. வரிக்கொடுமை பற்றி ஒரு பிரசங்கமும் அதில் கிடையாது. ஆகவே உங்கள் கதையில் ஒரு பொருள் வந்தால் அது எங்கேயாவது வேலை மாறுகிறதா என்று பாருங்கள். வந்த மாதிரியே இருந்துவிட்டுப் போகிறது என்றால் அது சும்மா நாற்காலி, மேசை. எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

இன்னொருவர் கு.ப. ராஜகோபாலன், கும்பகோணத்துக்காரர். நாற்பத்திரண்டு வயதில், 1944இல் காலமாகிவிட்டார். அவருடைய ‘விடியுமா?’ கதையில் ஒரு தந்தி வருகிறது. உங்களில் பாதிப் பேர் தந்தியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். 2013 ஜூலையோடு அது நின்றுவிட்டது. தந்திக்குச் சொல் கணக்கில் காசு, அதனால் சிக்கனமாகத்தான் அடிப்பார்கள். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தத் தந்தியில் ஆள் பெயரும், ஆபத்து என்கிற ஒரு சொல்லும்தான். என்ன நோய், எப்போதிலிருந்து, பிழைப்பாரா, எதுவும் இல்லை. நோயாளியின் மனைவியும் அவளுடன் பிறந்தவனும் ராத்திரி ரயிலில் கிளம்புகிறார்கள். விடிகிற வரைக்கும் ரயில் போகிறது. கதை முழுக்க அந்தப் பயணம்தான். தந்தியில் இல்லாததை அவர்கள் இரண்டு பேரும் ராத்திரி பூராவும் மனதால் நிரப்பிக்கொண்டே வருகிறார்கள். கூடவே நாமும். விடிந்து போய்ப் பார்த்தால் அவர் இறந்துவிட்டிருக்கிறார்.

தந்தியில் பத்து வார்த்தை கூடுதலாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுதும்போது எதைச் சொல்லலாம் என்று யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது எதை நிறுத்தி வைக்கலாம் என்று யோசிக்கச் செலவழியுங்கள்.

கு.ப.ரா. பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணில் புரை வந்து பார்வை மங்கிய காலத்தில் அவர் சொல்லச் சொல்ல தங்கை சேது அம்மாள் எழுதினார். அந்த அம்மாளும் பின்னால் நல்ல கதைகள் எழுதினார். எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் வளவளவென்று சொல்ல மாட்டார்கள். எழுதி முடித்ததும் வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் கண் போனை நோக்கிப் போகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் வெட்ட வேண்டிய இடம்.

கதையை யார் சொல்கிறார்கள் என்பது பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வ.வே.சு. ஐயர் 1915இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையை மரம் சொல்கிறது. மரத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. குளத்துக்கு வருகிறவர்கள் பேசினால்தான் அதற்கு விஷயம் தெரியும். உங்கள் கதையைச் சொல்கிறவருக்கும் அப்படி ஒரு எல்லை வையுங்கள். எல்லாம் தெரிந்தவர் கதை சொன்னால் நாம் ம் கொட்ட என்ன இருக்கிறது?

உரையாடலிலும் அதேதான். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாளாகப் பேசவில்லை என்று வையுங்கள். ‘உங்கள் மேல் எனக்குக் கோபம்’ என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. நடுவில் ஆறு வயசுப் பிள்ளை நிற்கும். ‘அப்பாகிட்ட கேளு, தோசை ஊத்தவா வேண்டாமான்னு.’ அப்பா இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறார். ‘பசியில்லன்னு சொல்லு அம்மாட்ட.’ பிள்ளை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ‘அப்பா ரெண்டு தோசை கேக்காங்க’ என்று பொய் சொல்கிறது. இந்தப் பொய் வாய்த்துவிட்டால் கதை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது நோட்டைத் திறங்கள். உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மிக்கல், சைக்கிள், பீரோ சாவி, அப்பாவின் பழைய பெல்ட், எதுவானாலும் சரி. அது இரண்டு முறை வேலை மாற வேண்டும். அழுகை, சோகம், மகிழ்ச்சி, ஏக்கம் இந்த நாலு சொல்லும் வரக்கூடாது. ஒரு பக்கம் போதும். மணி ஆறே கால். ஏழு மணிக்கு ஒவ்வொருவராகப் படியுங்கள். மற்றவர்கள் நோட்டை மூடிவிட்டு ம் கொட்டுவோம்.