ஆறு மாதம் போனால் வழக்கும் போச்சு
(கிளிநொச்சியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தொழிலாளத் தோழர்களே, சட்டம் படிக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

வன்னியில் காணி வழக்குப் பேச ஆள் தேடினால் உடனே கிடைக்கும். விவாகரத்து, தாபரிப்பு, அடிதடி, எதற்கும் கிடைக்கும். வேலையால் நிற்பாட்டிய பிள்ளை ஒருத்தி வந்து நின்றால்தான், யாரிடம் அனுப்புவதென்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் தொழிற்சங்க வழக்குகளையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட பாரிஸ்டர்கள், அதாவது நீதிமன்றத்தில் வாதாடுகிற சட்டத்தரணிகள், இருக்கிறார்கள். 2013இல் அங்கே, வேலை வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாயசபைக்குப் போகக் கட்டணம் வைத்தார்கள், 1,200 பவுண் வரை. வழக்குகள் மளமளவென்று குறைந்தன. யூனிசன் என்ற தொழிற்சங்கம் விடாமல் வழக்காடியது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணமே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. சங்கம் பின்னால் நிற்க, விஷயம் தெரிந்தவர்கள் முன்னால் நின்று வாதாடினால் இப்படியும் நடக்கும்.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். தொழில் நியாயசபை, கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தத்தால் கிடைத்தது. 1999 திருத்தம், சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக ஒருவரை வேலைநீக்குவதையே குற்றமாக்கியது. வன்னியில் இவை பெரும்பாலும் கடதாசியிலேயே கிடக்கின்றன.

சரி, நடப்பதைப் பார்ப்போம். விடியமுன் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளையிடம் ஒருநாள் "நாளைக்கு வரவேண்டாம்" என்கிறார்கள். வாயால் மட்டும்தான், கடிதம் இல்லை. அல்லது அவளுக்கு விளங்காத மொழியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். பிறகு நியாயசபையில் நிர்வாகம் சொல்லும்: "நாங்கள் நிற்பாட்டவில்லை, அவர் தானாகத்தான் விலகினார்." வழக்கின் உயிர்நாடி இந்த இடம்தான். நீக்கியதை நிர்வாகம் ஒப்புக்கொண்டால், அது நியாயமென்று காட்டுவது அவர்கள் பொறுப்பு. மறுத்தால், நீக்கப்பட்டதை நிரூபிக்கிற பாரம் தொழிலாளியின் தலையில் விழும்.

ஆகவே மறுநாளும் வேலைக்குப் போங்கள். வாசலில் மறித்தால், "வேலை செய்யத் தயாராக வந்தேன், உள்ளே விடவில்லை" என்று அன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள். தபால் கந்தோரில் தருகிற துண்டைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு அதுதான் சாட்சி. தொழில் திணைக்களத்திலும் முறைப்பாடு செய்யுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்கவே வேண்டாம்.

நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் இருக்கிறது. பிள்ளைக்குச் சுகமில்லை, அரிவு வெட்டு வந்துவிட்டது என்று நாள் ஓடிவிடும். ஏழாம் மாதம் வந்து அழுகிறவர்களைப் பார்க்க நெஞ்சு பொறுக்குதில்லை.

சட்டம் படிக்கிற பிள்ளைகளே, இதில் வருமானம் குறைவு, உண்மைதான். ஆனால் நியாயசபை சான்றுச் சட்டத்தின் இறுக்கத்துக்குள் நடப்பதில்லை. நீதி, நியாயம் பார்த்துக் கட்டளையிடுகிற இடம் அது. தொழிலாளிக்காகச் சங்கப் பிரதிநிதியே எழுந்து பேசலாம். அவருக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால் நிர்வாகம் கணக்கெடுத்துத்தான் பேசும். உங்களில் இரண்டு மூன்று பேராவது இதையே தொழிலாக எடுங்கள் என்று கேட்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் பின்னாலுள்ள மேசைக்கு வாருங்கள். நியமனக் கடிதம், சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கணக்கு என்று கையில் இருப்பதைக் காட்டுங்கள். ஆறு மாதம் முடியப்போகிறவர்கள் முதலில் வரட்டும்.