மங்கோலியக் குழந்தையின் பெயரில் என்னென்ன இருக்கிறது

நண்பர்களே, மங்கோலியப் பெயர் என்றதும் அதன் நீளம் மிரட்டும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது இரண்டு சொற்களின் ஒட்டுதான். பத் என்றால் உறுதி, தொமொர் இரும்பு, சுஹ் கோடாரி, பாத்தர் வீரன். பெண்ணுக்கு செத்செக் பூ, துயா கதிர். என்ஹ் என்றால் அமைதி. அது ஆண், பெண் இருவர் பெயரிலும் முன்னால் வந்து நிற்கும். என்ஹ்பாத்தர் பையன், என்ஹ்துயா பெண். 2021 முதல் குடியரசுத் தலைவராக இருப்பவர் ஹூரெல்சுஹ். ஹூரெல் வெண்கலம், மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பிறந்த கிழமையையே பெயராக வைப்பதும் உண்டு. திபெத்திய வரிசையில் திங்கள் தவா, புதன் ல்ஹக்வா, வெள்ளி பாசன், சனி பியம்பா. பௌத்தத்தோடு போன சமஸ்கிருதக் கிரகப் பெயர்களும் அங்கே புழங்குகின்றன. அங்கரக், பர்ஹஸ்பதி, சுகர், சன்சிர்: நம் அங்காரகன், பிரகஸ்பதி, சுக்கிரன், சனி. திட்டுவதற்குச் 'சனியனே' என்கிற நாம், அங்கே ஆண் பிள்ளைகளுக்குச் சன்சிர் என்று ஆசையாகப் பெயர் வைப்பதைப் பார்த்தால் கொஞ்சம் திகைப்போம்.

முதல் பிள்ளைகள் தங்காத வீட்டில் கதையே வேறு. கெட்ட ஆவி கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று நெர்குய், அதாவது பெயரில்லாதவன், என்று வைப்பார்கள். எனெபிஷ் 'இது இல்லை', தெர்பிஷ் 'அது இல்லை', ஹுன்பிஷ் 'மனிதனே இல்லை'. மூநொஹொய் என்றால் கெட்ட நாய்! நம் குப்பனுக்கும் பிச்சைக்கும் பின்னால் இருக்கும் அதே பயம்தான்.

சிக்கல் வருவது விண்ணப்பப் படிவத்தில். குடியரசுத் தலைவரின் முழுப்பெயர் உஹ்னாகீன் ஹூரெல்சுஹ்: உஹ்னாவின் மகன் ஹூரெல்சுஹ். முன்னால் நிற்பது தகப்பன் பெயர், அதுவும் ஆறாம் வேற்றுமை உருபோடு. சுருக்கினால் நம் இனிஷியல் மாதிரியே ஓர் எழுத்து. கல்யாணமானாலும் பெண்ணுக்கு அது மாறாது. வெளிநாட்டு அலுவலகத்தில் இதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வதால் மகனைத் தகப்பன் பெயரால் கூப்பிடுவார்கள். ஒரே வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று 'குடும்பப் பெயர்' வந்து நிற்கும். கூப்பிட வேண்டியது கடைசியில் இருக்கும் பெயரை.

குலப்பெயர் என்று ஒன்றும் உண்டு. 1920களில் கம்யூனிஸ்ட் அரசு அதை ஒழித்தது. 1990களில் திரும்ப அனுமதித்தபோது பலருக்குச் சொந்தக் குலமே மறந்துபோயிருந்தது. ஏராளமானோர் செங்கிஸ்கானின் போர்ஜிகினையே எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் அடையாளம் காட்டவேண்டிய பெயர் அந்த வேலைக்கே உதவாமல் போயிற்று. 1981இல் விண்வெளிக்குப் போய்வந்த குர்ரக்சா மட்டும் 'சன்சார்' என்று வைத்துக்கொண்டார். மங்கோலியத்தில் அதற்கு அண்டவெளி என்று பொருள். மூலம், நம் வீட்டில் இருக்கும் அதே 'சம்சாரம்'தான்.